கம்ப்யூட்டர் கேஸ் பார்த்தே ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகிவிடலாமா?

கேள்வி, 3 மார்ச் 2024

நான் பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரி ஊருக்கு வெளியே இருக்கிறது. கிளினிக்குக்குக் கேஸ் வருவதே குறைவு. வாரம் முழுக்க உட்கார்ந்தால் இரண்டு குழந்தைகள், பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், அவ்வளவுதான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சிமுலேஷனில், அதாவது நிஜ நோயாளி இல்லாத ஒத்திகையில், பார்க்கிற கேஸையும் கிளினிக் மணிநேரக் கணக்கில் சேர்க்கிறார்களாம். இங்கேயும் அப்படிச் செய்தால் எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும் என்று நினைக்கிறேன். சீனியர்கள் என்ன சொல்கிறீர்கள்?

3 மார்ச் 2024, இரவு 10.40

தம்பி, நீ கேள்விப்பட்டது உண்மை. அமெரிக்காவின் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கமான ஆஷா (நம் ஊர் ஆஷா பணியாளர் வேறு, குழம்ப வேண்டாம்) சான்றிதழ் தர மொத்தம் 400 மணிநேரம் கேட்கிறது. அதில் 25 மணிநேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பது, 375 மணிநேரம் நேரடி வேலை. அந்த 375-ல் 75 மணிநேரம் வரை சிமுலேஷனாக இருக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கு நிஜ ஆட்களோடுதான்.

ஆனால் அந்த சிமுலேஷன் குழந்தைகள் பேசுவது இங்கிலீஷ். 'ரேபிட்' என்பதை 'வேபிட்' என்று சொல்லும் குழந்தையை நூறு தடவை கேட்டுவிட்டு வந்து, 'வாயப்பயம்' என்று சொல்கிற சென்னைக் குழந்தையின் முன்னால் உட்கார்ந்தால் என்ன எழுதுவாய்? ழகரம் வரவில்லை என்றுதானே? அந்தக் குழந்தையின் வீட்டில் அம்மா, பாட்டி, எதிர்வீட்டுக்காரர் எல்லாருமே அப்படித்தான் பேசுகிறார்கள். மதுரைப் பக்கம் போனால் 'வாளப்பளம்'. யாழ்ப்பாணத்திலும் ளகரம்தான். அது வட்டார வழக்கு, குறை கிடையாது. இதை எந்த வெளிநாட்டு மென்பொருளும் உனக்குச் சொல்லித் தராது. என் பதில்: வேண்டாம்.

4 மார்ச் 2024, காலை

நேற்று எழுதியது அவசரம். இரவு முழுக்க ஒரு மாணவி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தாள்.

வீட்டில் முதல் பட்டதாரி. எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருவாள். ஆனால் கிளினிக்கில் ஒரு தாயிடம் "பிரசவம் எப்படி ஆச்சு, குழந்தை உடனே அழுதுச்சா" என்று கேட்க வாய் வராது. கேஸ் ஹிஸ்டரி படிவத்தைப் பிடித்த கை நடுங்கும். அவளுக்கு நாங்கள் செய்த ஏற்பாடு கம்ப்யூட்டர்கூட இல்லை. எங்கள் துறையில் கூட்டிப் பெருக்கும் ஆயாவை உட்கார வைத்து, "நீங்கதான் பாட்டி, பேரனுக்கு ரெண்டரை வயசு, இன்னும் பேசல" என்று மட்டும் சொன்னோம். ஒரு போனை ஸ்டாண்டில் வைத்துப் பதிவு செய்தோம்.

ஆயா வெளுத்து வாங்கிவிட்டார். "இவங்க அப்பனும் மூணு வயசு வரைக்கும் பேசலம்மா. இப்ப பாரு, வாயை மூட மாட்டேங்குறான்." மாணவி அப்படியே உறைந்துவிட்டாள். அடுத்தது, "நாக்குல வசம்பு உரசித் தடவுறோம், நீ என்ன மருந்து குடுப்ப?" அதற்கும் பதில் இல்லை. வீடியோவை அவளும் நானும் மூன்று தடவை பார்த்தோம். மறுநாள் திரும்பவும் ஆயா, திரும்பவும் அதே கேள்வி. நாலாவது நாள் அவள் சொன்னாள்: "பாட்டி, அவங்க அப்பா பேசாம இருந்தப்ப நீங்க கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரா? இவன் பாக்குறானா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டியின் பேச்சைத் தட்டிவிடாமல், அதற்குள்ளேயே தனக்கு வேண்டியதைக் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

ஆக, ஒத்திகை வேண்டும். நேற்று எழுதிய 'வேண்டாம்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கிளினிக் நேரத்தில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை சிமுலேஷனாக மாற்றிப் பார்த்தார்கள். மாணவர்களின் திறமையில் குறைவு தெரியவில்லை. அங்கேயும் நோயாளியாக நடிக்க ஆட்களை வைத்தார்கள்.

9 மார்ச் 2024

"பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலி இருக்கும்போது குழந்தை பேசியதை மாணவர்கள் ஏன் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுத வேண்டும்?" என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

என்னிடம் 40 விநாடி வீடியோ ஒன்று இருக்கிறது. 2019-ல் எடுத்தது. நாலு வயதுப் பையன், அவன் வீட்டுத் திண்ணை. அம்மா போனில் எடுத்து அனுப்பினார். முகம் மட்டும்தான் தெரியும். பையன் சொல்கிறான்: "தாத்தா வா! தாத்தா வா!" அம்மாவின் குரல் ஏதோ சொல்கிறது. பிறகு அவன் எதையோ தள்ளி விளையாடுகிறான்.

ஒவ்வொரு பேட்சுக்கும் இதைப் போடுவேன். முதல் தடவை கேட்டதும் எல்லாரும் எழுதுவது: 'இரண்டு சொல் தொடர். தாத்தாவை அழைக்கிறான். உச்சரிப்பு சரி.' செயலியில் போட்டாலும் 'தாத்தா வா' என்று பிழையில்லாமல் வரும்.

மூன்றாம் தடவை ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்கச் சொல்வேன். அப்போதுதான் அம்மா சொல்வது பிடிபடும்: "சோறு வச்சா வரும்டா." யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். தாத்தாவுக்கு யார் திண்ணையில் சோறு வைத்துக் கூப்பிடுவார்கள்? "மேடம், காக்கா!"

ஆமாம். அவன் கூப்பிட்டது காக்காவை. ககரம் வர வேண்டிய இடத்திலெல்லாம் தகரம் வருகிறது. நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டிய ஒலிக்கு முன்பகுதி எழும்புகிறது.

போன வருடம் ஒரு பையன் மறுத்துப் பேசினான். "மேடம், அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது தாத்தா வந்திருக்கார்னு எங்க வீட்ல சொல்வாங்க. இவன் வீட்லயும் அப்படிச் சொல்லியிருந்தா, இது சரியான சொல்தானே?" வகுப்பே அமைதியாகிவிட்டது. அத்தனை வருடம் அந்த வீடியோவைப் போட்டும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கேட்டது நியாயம். ஒரே சொல்லை வைத்து எப்படி முடிவு கட்டினோம்? திரும்ப ஓட்டினோம். 31-ஆம் விநாடியில், பொம்மையைத் தள்ளும்போது, மூச்சோடு மூச்சாக 'தாரு' என்கிறான். கார். அதற்குப் பிறகுதான் எழுதினோம்.

செயலி செய்வது என்னவென்றால், காதில் விழுந்ததை அதற்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுகிறது. பிழையாகப் பேசினாலும் பக்கத்தில் இருக்கிற சரியான சொல்லைப் பிடித்து எழுதிவிடும். கடிதம் எழுதுகிறவருக்கு அது உதவி. நமக்கோ, தேடி வந்த பொருளையே துடைத்துவிட்டுப் போகிற வேலை. முதல் இரண்டு வருடம் கையால்தான் எழுத வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

இன்னொன்று. வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும்போது குழந்தையின் முகத்தை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். அவன் பார்ப்பதும் படத்தில் வர வேண்டும்.

10 மார்ச் 2024

"அப்படியென்றால் உங்களுக்குத் தொழில்நுட்பமே பிடிக்காதா?" அந்த வீடியோவே தொழில்நுட்பம்தானே ஐயா. நான் படித்த காலத்தில் சூப்பர்வைசர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பார், செஷன் முடிந்ததும் "அந்தப் பையன் மூணாவது படத்துக்கு என்ன சொன்னான்?" என்று கேட்பார். சொன்னது காற்றோடு போயிருக்கும். நினைவிலிருந்து எதையோ சொல்லித் திட்டு வாங்குவோம். அந்த 31-ஆம் விநாடி 'தாரு' அன்றைக்கு யாருக்கும் கிடைத்திருக்காது. திரும்பக் கேட்க முடிகிறது, மெதுவாக்கிக் கேட்க முடிகிறது, ஆறு பேர் ஒரே ஒலியைக் கேட்டுவிட்டுச் சண்டை போட முடிகிறது. இதைவிடப் பெரிய உதவி எங்கள் படிப்புக்கு வந்ததாக நான் நினைக்கவில்லை.

17 மார்ச் 2024

பிராட் பற்றிக் கேட்டவருக்கு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதிய மென்பொருள், பதிவு செய்த பேச்சொலியை அலசிப் படமாகக் காட்டும். இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் இரண்டு தவறுகள். ஒன்று, ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு வலு என்று காட்டும் படம்) திறந்ததும் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும். ஸகரத்தின் வலு பெரும்பாலும் 4000-க்கு மேலே. சின்னக் குழந்தைக்கு இன்னும் மேலே. திரையில் காணோம் என்று 'ஸ வரவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். 10000 வரை உயர்த்திப் பாருங்கள். இரண்டு, ஃபார்மன்ட் (வாயின் வடிவத்தால் ஒலி வலுவாகும் அதிர்வெண்) தேடுவதற்கான உச்சவரம்பு. தொடக்கத்தில் இருக்கும் 5500 வளர்ந்த பெண் குரலுக்கானது. குழந்தைக்கு 8000 வரை ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றாவிட்டால் ஃபார்மன்ட்டைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் இஷ்டத்துக்கு ஓடும்.

ழகரத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் மூன்றாவது ஃபார்மன்ட்டைப் பாருங்கள். 'வாழை' என்று சொல்லும்போது நடுவில் அது சட்டென்று கீழே இறங்கும். 'வாலை' என்று சொன்னால் அப்படி இறங்காது. 1999-ல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெயில் கான் மூவரும் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. எடுத்து நாக்கின் வடிவத்தை அளந்து காட்டினார்கள். "நாக்கை மடி, நாக்கை மடி" என்று குழந்தையிடம் கத்துவதற்கு முன்னால் அந்தப் படங்களை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நாக்கு என்ன செய்கிறது என்பது தெரிந்த பிறகு சொல்லித்தரும் விதமே மாறிவிடுகிறது.

17 மார்ச் 2024, இரவு

ஸகரம் என்றதும் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பயன்படும்.

2020 ஊரடங்கில் எல்லா செஷனும் போனுக்குப் போனது. நெட் கிடைக்காத ஊர்களுக்குச் சாதாரண அழைப்புதான். ஆறு வயதுப் பெண் குழந்தை. 'ஸ்கூல்', 'பஸ்' இரண்டிலும் எனக்கு ஸகரம் கேட்கவில்லை. குறித்துக்கொண்டேன். இரண்டு மாதம் அந்த அம்மாவை அதற்கான பயிற்சியைச் செய்ய வைத்தேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பாம்பு மாதிரி சீறச் சொல்லி, தினமும். தளர்வு வந்து நேரில் வந்தபோது குழந்தை கதவைத் தாண்டும் முன்பே "பஸ்ல வந்தோம்" என்றது. தெளிவான ஸ.

பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அவள் சொன்ன ஸகரம் என் காதுவரை வரவே இல்லை. வீடியோ அழைப்பிலும் இரைச்சலை அடக்கும் வசதி ஸ, ஷ போன்ற ஒலிகளை இரைச்சல் என்று எடுத்து நறுக்கிவிடுவதுண்டு. பாடத்தில் படித்ததுதான் இது, எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தும் அந்தத் தாயை இரண்டு மாதம் அலைக்கழித்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், அவளுக்கு விளையாட்டா இருந்துச்சு" என்றார்.

இப்போது என் மாணவர்களுக்கு விதி: ஆன்லைன் செஷனில் சந்தேகப்படும் ஒலியை வீட்டிலேயே பதிவு செய்து கோப்பாக அனுப்பச் சொல். அதைக் கேட்காமல் இலக்கு எழுதாதே.

2 ஏப்ரல் 2024

திக்கலைச் சொல் கணக்கில் எண்ணுவதா, அசைக் கணக்கில் எண்ணுவதா என்று இங்கே நடக்கும் விவாதத்தில் என் பங்கு. சொல்லை எண்ணாதீர்கள், அசையை எண்ணுங்கள். "போ-போ-போயிட்டுவந்துட்டோம்." சொல் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று, நூறு விழுக்காடு திக்கல். அசையாகப் பிரித்தால் போ, யிட், டு, வந், துட், டோம். ஆறில் ஒன்று. நம் மொழியில் ஒரு சொல்லே ஒரு வாக்கியம். இரண்டு பட்டன் வைத்த எண்ணும் செயலி ஏதாவது ஒன்று போதும்: சரளமான அசைக்கு ஒன்று, திக்கிய அசைக்கு இன்னொன்று. ஒரே பதிவை நாலு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டுங்கள். முதல் வாரம் நாலு பேர் கையிலும் நாலு எண் இருக்கும். ஏன் என்று பேசுவதுதான் பாடம்.

2 ஏப்ரல் 2024, சற்றுப் பிறகு

மேலே 'போதும்' என்று எழுதிவிட்டேன். போதாது. எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் திரையையே பார்க்கிறார்கள். எதிரே பதினேழு வயதுப் பையன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். அவன் பேசும்போது அவன் முகத்தைப் பார். எண்ணுவதைப் பதிவிலிருந்து பிறகு செய்.

21 ஏப்ரல் 2024

விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டார்கள், பேச்சைப் பற்றியே பேசுகிறேனாம். சரி, அவர்களுக்குக் கொடுக்கும் திரவம் எவ்வளவு கெட்டி என்று அளக்க நான் பார்த்ததிலேயே மலிவான கருவி: ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச். இட்சி என்ற பன்னாட்டு அளவுகோல் உணவின் கெட்டியை 0 முதல் 7 வரை எட்டு நிலையாகப் பிரிக்கிறது. திரவத்தை 10 மில்லி நிரப்பி, அடியில் அடைத்த விரலை எடுத்து, பத்து விநாடி ஓடவிட்டு, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. அதற்கு மேல் மிஞ்சி, ஆனால் கொஞ்சமாவது இறங்கியிருந்தால் நிலை 3. (சிரிஞ்சில் 0-விலிருந்து 10 வரை நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எல்லா சிரிஞ்சும் ஒன்றில்லை, ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.)

என் மாணவர்கள் கேழ்வரகுக் கஞ்சியை வைத்துச் செய்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கிக் குடிக்கிற சூட்டில் 5 மில்லி மிஞ்சியது. அதே கஞ்சி இருபது நிமிடம் கழித்து 9. நோயாளி நிதானமாகக் குடித்து முடிப்பதற்குள் கஞ்சியின் நிலையே மாறிவிடுகிறது! ஒரு மாணவி உடனே கேட்டாள்: "அப்போ வார்டுக்குப் போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆகும்?" அன்று சாயங்காலம் கடிகாரத்தோடு சமையலறையிலிருந்து மூன்றாம் மாடிவரை நடந்து பார்த்தார்கள். வெளிநாட்டு வீடியோவில் கெட்டியாக்கும் பொடி கலந்த ஜூஸை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

12 மே 2024

முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறான். கல்லூரியில் தமிழ்ப் பதிவுகளே இல்லை, எங்கே கிடைக்கும் என்கிறான். குறை அங்கேதான். 1984-ல் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் தொடங்கிய சைல்ட்ஸ் சேகரிப்பில் உலகத்துக் குழந்தைப் பேச்செல்லாம் இருக்கிறது. இங்கிலீஷ் மலை மாதிரி குவிந்திருக்கிறது. தமிழில் இருப்பது ஒரு குழந்தையின் பேச்சைத் தொடர்ந்து எழுதிய தொகுப்பு. அதுவும் இந்தியாவின் தொடக்கக்காலக் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மனின் முயற்சி. கணினி விஞ்ஞானி ஒருவர் குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அதை எடுத்துப் படி, நன்றாக இருக்கும். ஆனால் அது இயல்பாக வளர்ந்த குழந்தை. திக்கிப் பேசும் குழந்தை, காது கேட்காத குழந்தை, திருநெல்வேலிக் குழந்தை, சென்னைக் குழந்தை, இவர்களை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கிளினிக்கும் வருடத்துக்குப் பத்துப் பதிவு, ஒழுங்காக அனுமதி வாங்கி, எழுதி வைத்தால் போதும்.

13 மே 2024

'அனுமதி' என்று போகிற போக்கில் எழுதியதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பிடித்தது நல்லது. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் வீடியோ சுற்றியது. ஆட்டிசம் இருக்கிற குழந்தை, கீழே விழுந்து அழுகிறான். அதற்கு ஒருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். அந்தத் தாய்க்குத் தெரியவந்திருந்தால் மறுபடி எந்த கிளினிக் படியும் ஏறியிருக்க மாட்டார். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் வராவிட்டாலும் அது நம் கடமைதான். மாணவரின் சொந்தப் போனில் பதிவு இருக்கவே கூடாது. துறைக்கென்று ஒரு போன், ஒரு ஹார்ட் டிஸ்க், பூட்டிய அலமாரி.

இதை எழுதும்போதே உறைத்தது. என்னிடம் இருக்கும் பழைய பதிவுகளுக்கு அன்றைக்கு வாங்கியது ஒரே ஒரு வரிக் கையெழுத்து. இந்த மாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து திரும்பக் கேட்கப் போகிறேன்.

30 ஜூன் 2024

கேட்டு முடித்தேன். பெரும்பாலானோர் சரி என்றார்கள். இரண்டு எண்கள் மாறிவிட்டன. அந்தப் பதிவுகளை இனி போடுவதில்லை.

காக்கா பையனின் அம்மாவும் பேசினார். அவன் இப்போது நாலாம் வகுப்பு. ககரம் எப்போதோ வந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்பிக்கிறானாம். பக்கத்தில் அவனே இருந்தான் போலிருக்கிறது. "எதுக்கும்மா நான் சின்னப் பிள்ளைல தப்பாப் பேசுனத எல்லாரும் பாக்கணும்?" என்று கேட்டது போனிலேயே எனக்குக் கேட்டது. அம்மா தயங்கினார். நான் தயங்கவில்லை. அழித்துவிடுகிறேன் என்று சொல்லி, அன்று மாலையே ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் வகுப்பறைக் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். மாணவி ஒருத்தி எழுதி வைத்திருந்த ஒரு பக்கம், பெயர் இல்லாமல், அவன் சம்மதத்தோடு மிச்சம் இருக்கிறது. அடுத்த பேட்சுக்கு அதிலிருந்து வாயால் சொல்லித்தான் நடத்துவேன்.

அந்த வீடியோ வேண்டும் என்று தனியாகச் செய்தி அனுப்பியவர்கள் பதினோரு பேர். உங்கள் எல்லாருக்கும் இதுவே பதில்.